ஸ்டார்ட் ஆகாத கார்

எழுந்ததும் முகம் கழுவுகிறேன். படியிறங்கிப் போய் காரை ஸ்டார்ட் செய்கிறேன். ஒரே திருகில் பிடித்துக்கொள்கிறது. என்ஜின் சூடாகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அணைக்கிறேன். மேலே வந்து காபி போடுகிறேன்.

காரை எங்கும் எடுத்துப் போவதில்லை. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்பதற்காக இதைச் செய்கிறேன். மனைவி இறந்ததிலிருந்து இப்படித்தான்.

இன்று அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் மாமா நின்றுகொண்டிருந்தார். அவளுடைய அப்பா. கையில் பழைய டூல்ஸ் பை.

வருகிறேன் என்று ஃபோனில் சொல்லவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்றும் தெரியவில்லை.

"ஜோரா ஸ்டார்ட் ஆகுதே மாப்பிள்ளை."

"இப்ப ஆகுது மாமா."

அன்று ஆகவில்லை என்று சொல்லியிருந்தேன். நுரையீரலில் ரத்தக் கட்டி, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா கேட்டார். வீட்டில் புதுக் காரை வைத்துக்கொண்டு ஏன் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தீர்கள் என்று. ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

அன்றிலிருந்து அவர் இந்தக் காரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதை வாங்கித் தொலைக்காதீர்கள் என்கிறார். ரிட்டயர் ஆகும்வரை பஸ் ஓட்டியவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள்.

நானும் கேட்பேன்.

"எங்க கோளாறுன்னு தெரிஞ்சாப் போதும் மாப்பிள்ளை. அப்புறம் நான் தூங்கிடுவேன்."

பானட்டைத் தூக்கினார். பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தார். ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனார். ஃபியூஸ்களைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திரும்பச் செருகினார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அணைக்கச் சொன்னார். மறுபடி செய்யச் சொன்னார்.

ஒரு தடவையாவது பிடிக்காமல் போகாதா என்று நினைத்துத்தான் சாவியைத் திருகினேன். ஒவ்வொரு தடவையும் பிடித்தது.

"பச்சப்புள்ள மாதிரி நடிக்குது பாருங்க," என்றார். "அன்னிக்கு மட்டும் காலை வாரிடுச்சு."

பிறகு ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவினார். துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெயிலில் பிடித்தார்.

தேன் நிறம்.

"கம்பெனி ஆயிலை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் மாமா."

"எப்ப?"

கம்பியின் நுனியில் ஆயில் திரண்டு நின்றது. விழவில்லை.

"போன மாசம்."

"ஓடாத வண்டிக்கா?"

"நீங்க சொன்னீங்களே."

கார் வீட்டுக்கு வந்த அன்றே சொன்னார். புது என்ஜின் தேயும்போது உதிரும் இரும்புத் தூளெல்லாம் முதல் ஆயிலில்தான் சேரும். கம்பெனி சொல்கிற கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். உன் வீட்டுக்காரர் படிச்சவர், கையில அழுக்குப் படாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவாரு என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானே செய்கிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"முழுசா வடிய விட்டீங்களா?"

"விட்டேன் மாமா."

தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. அவள் போன பிறகு அதை நான் பார்த்ததில்லை.

கம்பியைச் செருகி பானட்டை மூடினார். கையை அதன்மேல் வைத்தபடியே நின்றார்.

"கடைசியா அவ என்னைப் பத்திதான் பேசினான்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா மாமா."

அது மட்டும் பொய்யில்லை.

நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது கார் என்ஜினில் ஒரு பொட்டு ஆயில் இல்லை, ஓட்டியிருக்க முடியாது. அன்று காலை முழுவதும் அதன் அடியில்தான் படுத்திருந்தேன். என்ஜினுக்கு அடியில் ஆயிலை அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றியாயிற்று. கறுத்த ஆயில் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இறங்கி வந்தாள். எனக்குப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன்.

நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் போகலாமா என்றாள்.

போல்ட்டை இப்படியே மாட்டி, புது ஆயிலை ஊற்றிவிட்டுக் கிளம்பட்டுமா என்று கேட்டேன். கேட்டதோடு சரி. வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதங்கள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன.

"வேண்டாம், கடைசிச் சொட்டு வரைக்கும் வடியணும்னு அப்பா சொல்லியிருக்காரு. பாதியில அடைச்சா என்னைத்தான் திட்டுவாரு. நீ பாரு, நான் மேல போய்ப் படுத்துக்கறேன்."