செந்தமிழ்ச் சிகரத்துக்கு முதலுதவி

தமிழ் கூறும் நல்லுலகம் ஒரு நிமிடம் எழுந்து நிற்கட்டும். இலக்கியப் பேரவை நிறுவனர், செந்தமிழ்ச் சிகரம் முத்துராஜாவின் தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் வழியில், கொண்டை ஊசி வளைவில் ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. கதவுத் தகரம் கிழித்த காயம். ரோட்டோரம் கிடந்தபடி, தன் வெள்ளை வேட்டி சிவந்துகொண்டே போவதைப் பார்த்தார்.

"ஆத்தா! செத்தேன்!"

மேடையில் யார் செத்தாலும் 'இன்னுயிர் நீத்தார்' என்று மட்டுமே சொல்பவர் அவர்.

டிரைவர் விஜய்ராஜ் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தான். "சிக்னல் இல்லங்கய்யா. கீழ இருந்து ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள..."

முத்துராஜாவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. மேகம் இறங்கி ரோட்டை மூடியது. கண் இருட்டுவது மேகத்தாலா, உயிர் போவதாலா என்று தெரியவில்லை. பேரவையில் இரங்கற்பா எழுதும் பொறுப்பும் அவருடையதே. தனக்கு யார் எழுதுவார்கள்?

தெய்வம் கைவிடவில்லை. அதே ஜீப்பில் வந்தவர், காமயகவுண்டன்பட்டி சீனிச்சாமி, பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கார்கில் போரில், குண்டு மழைக்குள் தவழ்ந்து போய், அடிபட்டுக் கிடந்த உயிர்களைக் காப்பாற்றியவர். குண்டு வெடித்ததில் ஒரு காது செவிடாகி, மார்பில் பதக்கத்தோடு ஊர் திரும்பியவர்.

பதக்கம் ஒன்று போதாதா? முத்துராஜா மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இன்று சீனிச்சாமிக்குப் பாராட்டு விழா. 'களம் கண்ட கருணைக் கரம்' என்று ஒரு பட்டத்தை முத்துராஜாவே சொந்தச் செலவில் யோசித்தும் வைத்திருந்தார்.

சீனிச்சாமி தனக்குப் போர்த்துவதாக இருந்த பொன்னாடையைச் சரசரவென்று கிழித்தார். சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, முழு பலத்தோடு அமுக்கினார்.

"ஐயோ! விடுய்யா! கொல்றானே!"

உடனே சீனிச்சாமியின் இன்னொரு கை முத்துராஜாவின் காதைப் பிடித்து முறுக்கியது. நாக்கை மடக்கி 'ட்ளக், ட்ளக்' என்று சத்தம் வேறு கொடுத்தார். "ஓ... ஓ... அம்புட்டுத்தான். ஆடாம கெட."

பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு அந்தக் காதை யாரும் தொட்டதில்லை. ஆனால் என்ன மாயமோ, உடம்பு அடங்கியது. ராணுவ வர்மம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அங்கன ஒண்ணுகூட இப்படிக் கத்துனதில்லங்கய்யா" என்றார் சீனிச்சாமி.

'ஒருவர்கூட' என்று திருத்த வாயெடுத்தார் முத்துராஜா. வலி விடவில்லை. "நான் பொழைப்பேனா? உண்மையச் சொல்லுங்க."

சீனிச்சாமி முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தார். "எலும்பு ஒடியல. நல்ல வேளை."

"ஒடிஞ்சிருந்தா?"

"அங்கன ஒரே உத்தரவுதாங்கய்யா. சுட்ரணும்."

அடிபட்ட வீரனையே சுடுவார்களா? போர்க்களம் இவ்வளவு கொடியதா? முத்துராஜா பாராட்டுரையில் அதைப் பற்றி வெறும் எதுகை மோனைதான் வைத்திருந்தார். காலை அசைக்காமல், மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

சீனிச்சாமி கை எடுக்கவே இல்லை. முதுகு நடுங்கியது, நெற்றி வியர்த்தது, அப்போதும் அமுக்கிய கை அமுக்கியபடி இருந்தது. மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. தேயிலை மூட்டை ஏற்றி வந்த எஸ்டேட் வண்டி ஒன்று, மேகத்துக்குள்ளிருந்து விளக்கைப் போட்டபடி இறங்கி வந்தது.

வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்ததும், உயிரோடு சேர்ந்து செந்தமிழும் திரும்பியது.

"வீரரே! தங்கள் திருக்கரம் பட்டு இன்று நான் உய்ந்தேன். அன்று பனிமலையிலே இவ்வாறு எத்தனை எத்தனை சிப்பாய்கள் மறுபிறவி எடுத்தனரோ!"

சீனிச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சிப்பாயப் பாக்க டாக்டருக இருந்தாகங்கய்யா. நான் கோவேறு கழுதைகளுக்கு."