கீறல் விழுந்த அச்சு

சந்தேகம் வந்துவிட்டால் அரியரத்தினம் சாமியையும் நம்பமாட்டார். ஆடியில் குளிர்காலம் வரும் அந்தத் தெற்கு நாட்டில், எழுபத்தாறாம் ஆண்டுக் குளிரில், லிட்கம் வீட்டுக் கராஜில் அவர் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். டயர் கடையில் வேலை பார்க்கும் வாசுதேவன், கார்ச் சில்லுகள் ஆடாமல் சுழல விளிம்பில் பொருத்தும் ஈயத்துண்டுகளைக் கழற்றி வாளி நிறையக் கொண்டுவந்திருந்தான். உருகியதில் மெழுகுதிரித் துண்டைப் போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே வரும். அதை வழித்தெடுத்த அகப்பையைத்தான் குசினியில் மனைவி இரஞ்சிதம் தேடிக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு புதிது. அன்று காலையில்தான் கைதவறிச் சீமெந்தில் விழுந்து, உள்ளே பிறைபோல ஒரு கீறல் பட்டது. அதற்குப்பின் வார்த்த குண்டுகளிலெல்லாம் அந்தப் பிறைத் தழும்பு இருந்தது. ஒன்றைக்கூட அவர் இன்னும் சுடவில்லை.

வாளியின் அடியில், சுட்டு நசுங்கிய குண்டொன்று கிடந்தது. அதிலும் அதே தழும்பு. மடிப்புக்குள் நீலக் கம்பளி நூல் சிக்கியிருந்தது.

"இது எங்காலை வந்தது?"

"கடையிலேர்ந்துதான் அண்ணே. வாளியை நேத்தே கட்டி வச்சுட்டேன்," என்றான் வாசுதேவன், முகம் பார்க்காமல்.

அரியரத்தினம் குண்டுப் பெட்டியைத் திறந்தார். காலையில் வார்த்தவை ஒன்றும் குறையவில்லை. வாசுதேவனை ஏற இறங்கப் பார்த்தார். வருகிற சனிக்கிழமை முயல் வேட்டைக்குக் கூப்பிட்டவன் அவன்தான்.

அப்போது இரஞ்சிதம் உள்ளே வந்தாள். பாதி பின்னிய நீலச் சுவெட்டரை ஊசியோடேயே அவர் நெஞ்சில் வைத்து அளவு பார்த்தாள். குண்டில் சிக்கியிருந்ததும் அதே நூல்தான்.

"வேட்டைக்குப் போற இடத்திலை குளிருமப்பா. சனிக்கிழமைக்கிடையில முடிச்சுப்போடுவன்."