உம் கொட்ட ஓர் ஆள்

எங்கள் இணைய வகுப்பில் தினம் ஒருவர், தான் தேடிப் பிடித்த நாட்டுப்புறக் கதையைச் சொல்ல வேண்டும். அன்று செங்கமலத்தின் முறை. அவளுக்குப் பின்னால், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த அவள் அப்பாதான் உம் கொட்டினார்.

கதை முடியப்போகும் நேரத்தில் அந்த உம் நின்றது. அவர் தலை சரிந்ததைத் திரையில் எல்லோரும் பார்த்தோம்.

“செங்கமலம், போதும்மா. அப்பாவைத் திரும்பிப் பாரு,” என்றார் பேராசிரியை.

“கதை முடியறதுக்குள்ள கேக்குறவங்க எந்திரிச்சுப் போகக் கூடாது மேடம். எங்க ஊரு வழக்கம். நேத்து குரூப்புல போட்டேனே.”

அவள் திரும்பவில்லை. கல்யாணம் முடிந்து அரண்மனைக்கு வந்துவிட்ட ராஜகுமாரனை மறுபடியும் காட்டுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு காத்திருந்தாள்.

நான் மைக்கைத் திறந்து, “ம்” என்றேன்.