தேய்ந்த பிரேக் பேடு

போடி கடைவீதி. மத்தியான வெயில் ஜெபமணி அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் மேசை வரைக்கும் வந்து கிடக்கிறது. காரிலிருந்து கழற்றிய பழைய பிரேக் பேடை அண்ணாச்சி அந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிஸ்கட் கனம்கூட இல்லை. “மூணு மாசத்துக்கு முன்னதான எங்கிட்ட வாங்குன? இறக்கம் பூராம் பிரேக்குலயே கால வச்சு இறங்குனது யாருப்பா?” வேல்விழிக்குக் காது சுடுகிறது. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். தினமும் காரை ஏற்றி இறக்குவது அவள்தான். “நான்தான் அண்ணாச்சி,” என்கிறான் அவள் புருஷன் பாண்டியராஜன். மலை ஏறினாலே தலை சுற்றுகிறதென்று பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறவன். சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்காமல், அண்ணாச்சி மேசையில் எடுத்துவைத்திருந்த இரண்டு ரகப் புதுப் பேடு பெட்டிகளையும் பிரித்து, எல்லாம் தெரிந்தவன்போல ஒவ்வொரு பேடாகக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறான். அந்த விரலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு முட்டுகிறது. “இவுக பொய் சொல்றாக அண்ணாச்சி. ஓட்டுறது நான்தான். சீக்கிரம் தேஞ்சாலும் பரவால்ல, கொண்டை ஊசி வளைவுல சட்டுனு பிடிக்கணும்.” அண்ணாச்சி சிரிக்கவில்லை. பாண்டியராஜன் கையிலிருந்த பெட்டிகளை வாங்கி அவள் பக்கம் நகர்த்துகிறார். “அப்ப நீ பாத்து எடு ஆத்தா.”