வேர்த்த பதக்கம்

பனிமலையில் இறந்துபோன கணவனுக்குக் கிடைத்த வீர் சக்ரா பதக்கம், நாகம்மை வீட்டில் எந்த வெயிலிலும் ஐஸ்கட்டி மாதிரி சில்லென்றுதான் இருக்கும். சுசீந்திரத்தில் அந்தத் தெருவுக்கு இது பழகிப்போன சங்கதி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "மதினி, அண்ணனுக்க மெடலைக் கொஞ்சம் தாருங்க, நெத்தியில வைக்கணும்" என்று யாராவது வந்து வாங்கிப் போவார்கள். கரண்டு போன மத்தியானங்களில் நாகம்மையே அதை மோர்ச்சட்டி மூடிமேல் வைத்துவிடுவாள்.

2009 ஆவணியில் மகள் சபிதாவுக்குக் கல்யாணம். கைபிடித்துக் கொடுக்க அப்பா இல்லையே என்பது ஒன்றுதான் நாகம்மைக்குக் குறை. அந்த இடத்தில் நிற்கக் கொழுந்தன் சுடலையாண்டி வந்தார்.

"அப்பா இருக்கும்ப சித்தப்பா எதுக்கு? மெடலை எடும்மா" என்றாள் சபிதா.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குக் கை விறைச்சுப் போகும்" என்றார் சுடலையாண்டி. பந்தலே சிரித்தது.

நாகம்மை இருவர் கையையும் சேர்த்து, மேலே பதக்கத்தை வைத்தாள். கெட்டிமேளம் கொட்டியது.

மாப்பிள்ளை மெல்லச் சொன்னான்: "சில்லுன்னு இருக்கும்னு சொன்னிய, அத்தே. சூடால்லா இருக்கு. வேர்க்கவும் செய்யுது."

நாகம்மை தொட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கல்யாணத்தன்றும் கணவனின் கை இப்படித்தான் வேர்த்திருந்தது.