மானியின் முள்

லேசரை இன்னும் போடவேயில்லை. அதற்குள் மின்னோட்ட மானியின் முள் எகிறி நின்றது. பௌதிக ஆசிரியன் தனஞ்சயனுக்கு இரத்தம் கொதித்தது.

போருக்குப் பின் மீள்குடியேறிய பாப்பாமோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று வெளிநாட்டிலிருந்து அவன் மடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடிக் குப்பி அது. உள்ளே ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவி. லேசர் பட்டால் அணுக்கள் உப்பிப் பருக்கும். சற்று மோதினாலும் மின்னைச் சுமக்கும் இலத்திரன் கழன்றுவிடும். அதைக் குப்பியிலிருந்து வெளியே நீளும் இரண்டு கம்பிகள் பிடித்து முள்ளை அசைக்கும். லேசர் இல்லாமல் அது அசையவே கூடாது.

"காலமை கதவைத் திறந்தது நீர்தானே? என்னத்தைத் தொட்டனீர்?"

"ஒண்டையும் தொடேல்லை, சேர்," என்றான் ஆய்வுகூட உதவியாளன் றம்ஸீன்.

"பொய்! உம்மை நம்பித் திறப்பைத் தந்தன் பாரும். வைச்சிட்டுப் போம்!"

றம்ஸீன் சட்டைப்பையிலிருந்து கதவுத் திறப்பை எடுத்தான். "தொண்ணூறிலை எருக்கலம்பிட்டியிலையிருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தேக்கை எங்கட வாப்பாவும் கேட்டவர், நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு. துவக்கோடை வந்தவை போ எண்டு மட்டும்தான் சொன்னவை."

திறப்பை மேசையில் எறிந்தான். குனிந்து குப்பியை உற்றுப் பார்த்தான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, இரு கம்பிகளுக்கும் நடுவே மழைக்காற்றில் காயாமல் கிடந்த ஈரப் பூச்சொன்றை அழுத்தித் துடைத்தான்.

ஈரத்தின் வழி ஓடிய மின் அறுபட, முள் பூச்சியத்தில் விழுந்தது.

மஞ்சள் நிறம் படிந்த பஞ்சைத் தனஞ்சயனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வெளியேறினான்.

பஞ்சில் சந்தனம் மணத்தது. நேற்றுச் சரஸ்வதி பூசையில், குப்பிக்கும் ஒரு பொட்டிருக்கட்டும் என்று தன் விரலாலேயே வைத்தவன் தனஞ்சயன்.