ஆறாவது புனல்

மதிய வெயில் ஆய்வகத்தின் கண்ணாடிப் புனலுக்குள் இறங்கி நிற்கிறது. கோபால்ட் நீலமாக மேலே எண்ணெயிலும், நிக்கல் பச்சையாகக் கீழே தண்ணீரிலும் இந்நேரம் பிரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நுரைத்த கலங்கல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இது ஆறாவது தடவை. நாளைக்குள் பிரித்துக் காட்டாவிட்டால் ஆலை உலோகம் பிரிக்கும் இந்தப் புது முறையையே கைவிட்டுவிடும். ஆய்வு செய்கிறவள் புனலை விரலால் சுண்டுகிறாள். கலங்கல் அசைந்தால்தானே! "அண்ணே, ஒழுங்காக் கழுவுனீங்களா இல்லையா? என் உயிரை வாங்குது இது!" தொட்டியருகே புனல் கழுவுகிறவர் ரோஷத்தோடு நிமிர்கிறார். "நீங்க திட்டத் திட்ட நானும் சோப்பைக் கூட்டிக்கிட்டேதான் போறேன். இன்னும் எவ்வளவும்மா போடறது?" எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைப்பதே புனலில் ஒட்டி நிற்கும் சோப்புதான். முழங்கைவரை நுரையோடு அவர் ஏழாவது புனலை நீட்டுகிறார்.